விறகுக்குப் போகவேண்டிய மரம்

பிலடெல்பியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லிபர்ட்டி பெல் என்ற பழைய மணியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், ஓல்ட் சிட்டியின் மூன்றாம் தெருவில் மரக் கலைக்கான அருங்காட்சியகமான மியூசியம் ஃபார் ஆர்ட் இன் வுட் இருக்கிறது. மரத்தைச் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கும் மரக் கடைசலுக்கென்றே 1986-ல் தொடங்கிய அமைப்பு இது. நான் அந்த ஊருக்குப் போனதே இதற்காகத்தான்.

ஒரு மேப்பிள் கிண்ணத்தின் முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். வெளிறிய மரத்தில், பேனாவால் இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடுகள். விழுந்த மரம் ஈரத்தில் கிடக்கும்போது பூஞ்சை ஏறுகிறது. ஒரு பூஞ்சைக் கூட்டம் இன்னொன்றை அண்டவிடாமல் எழுப்பும் தடுப்புதான் அந்தக் கோடு. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் மரம் உளுத்துக் கொட்டியிருக்கும். முன்பே எடுத்திருந்தால் கோடே விழுந்திருக்காது. அந்தப் பதம் பார்த்து எடுப்பதிலேயே பாதித் திறமை இருக்கிறது. மரக்கடையில் கழித்துப்போடும் இந்த மரத்தைக் கலைக்குள் கொண்டுவந்த முன்னோடிகள் மெல் லிண்ட்குவிஸ்ட்டும் அவர் மகன் மார்க்கும்.

ஈரம் காயாத பச்சை மரத்தின் சங்கதி வேறு. காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகமாகவும், வளையத்துக்குக் குறுக்கே அதில் ஏறக்குறைய பாதியும் சுருங்கும். வட்டமாகக் கடைந்தது கோணிப்போகும். ஆகவே, 10 அங்குலக் கிண்ணம் என்றால் சுவரை ஓர் அங்குலத் தடிமனில் விட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் ஏற்றுவார்கள். ராட்சதக் கிண்ணங்கள் செய்த எட் மோல்த்ரோப், வெடிப்பு விடாமலிருக்க மரத்தைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்தார். மெல்லிசாகக் கடைந்துவிட்டு, மரத்தை அதன் இஷ்டத்துக்கு நெளியவிடுகிறவர்களும் உண்டு. என் மனம் போனது இவர்கள் பக்கம்தான். விளிம்பு ஒருபுறம் ஏறி, மறுபுறம் தணிந்து, காய்ந்த இலைபோல் சுருண்டிருக்கும் அழகை எந்த உளியாலும் கொண்டுவர முடியாது.

சாயமேற்றி, மரமா பிளாஸ்டிக்கா என்று தெரியாதபடி பளபளக்க வைத்த உருப்படிகள் எனக்கு ஒட்டவில்லை. அவ்வளவு மறைப்பதற்கு விழுந்த மரத்தைத் தேடிப் போயிருக்கவே வேண்டாம்.

நீங்கள் போனால் மேலிருந்து பார்த்துவிட்டு நகராதீர்கள். குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். லேத் தருவது வட்டம் மட்டும்தான். கடையும்போதே அடியில் ஒரு வளையத்தை விட்டுவைத்து, பிறகு மூன்று கால்கள் மட்டும் மிஞ்சும்படி கையால் செதுக்குவார்கள். உளித்தடம் கைக்குக் கை வேறுபடுவது அந்தக் கால்களில்தான் நன்றாகத் தெரியும்.