பூவரசம் பூவோடு கொழும்புக்கு

அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. "ஏப்ரல் அஞ்சாம் திகதி காலமை நான் கொழும்பிலை நிக்க வேணும்" என்று இரண்டு மாதத்துக்கு முன்னரே சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அது சின்னையாவின் நாள்.

சின்னையா என்று நான் கூப்பிட்டது அம்மாவின் இரண்டாவது கணவரை. என்னைப் பெற்ற ஐயா 1959இல் காய்ச்சலில் போனபோது எனக்கு மூன்று வயது, அம்மாவுக்கு இருபத்திரண்டு. இரண்டு வருடம் கழித்து, முன்னாள் பட்டாளத்துக்காரர், சங்கக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர், அம்மாவைக் கலியாணம் செய்தார். எங்கள் ஊரில் அன்றைக்கு அது லேசான காரியம் இல்லை. இரண்டு பக்கத்துச் சொந்தமும் பல வருடம் எங்கள் படலையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் கிழமையே சின்னையா செய்த வேலை, பெட்டிக்குள் கிடந்த ஐயாவின் படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியது. திவசம் வந்தால் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருவதும் அவர்தான். என்னைக் குளிக்க வைத்து, ஐயரின் முன்னால் இருத்திவிட்டு, அவர் போய்க் கிணற்றடியில் நிற்பார்.

யாழ்ப்பாணத்தில் காலை ரயில் ஏறினோம். அம்மாவின் பையில் வாழையிலையில் சுற்றிய ஆறு பூவரசம் பூக்கள், எங்கள் வேலியில் அன்று விடியப் பறித்தவை. மதவாச்சி தாண்டியதும் அம்மா நித்திரையாகிவிட்டார். எனக்கு 1965ஆம் ஆண்டுப் பயணம் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. யாழ்தேவியில் சின்னையாவும் நானும் மட்டும். கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் கச்சான் வாங்கித் தந்து, நேரே காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெறும் புல் இருந்த ஓர் இடத்தைக் காட்டி, "இஞ்சைதான் தம்பி அந்தத் தூண் நிண்டது" என்றார்.

முதலாம் உலகப்போரில் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் அது. புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் வரைந்தது. இரண்டாம் போர் வந்ததும், கடலிலிருந்து சுடுகிற ஜப்பானியப் பீரங்கிகளுக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து கழற்றி, அப்போது விக்டோரியா பூங்கா என்றிருந்த விகாரமாதேவி பூங்காவில் மறுபடி நட்டார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறது.

சின்னையா சிலோன் கரிசன் ஆர்ட்டிலறி என்ற பீரங்கிப் படைப்பிரிவில் இருந்தவர். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அவருக்கு இருபது வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கரையோரப் பீரங்கியில் காவல். காலை ஏழரை மணியளவில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. நூற்றுக்கு மேல். "எங்கட பீரங்கி கடலைப் பாத்துக்கொண்டு நிண்டது. அவங்கள் வந்தது வானத்தாலை" என்பார். துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. அதே நாள் நடுக்கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் போயின. ரேஸ்கோர்ஸ் திடலை ஓடுபாதையாக்கி வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர்விமானங்கள் அங்கிருந்தும் கிளம்பின. அந்த ரேஸ்கோர்ஸையும் அன்று எனக்குக் காட்டினார். இப்போது அங்கே கடைகளும் விளையாட்டுத் திடலும்.

அந்தக் காலையைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சாப்பாட்டுக் கதைதான். பாணும் சம்பலும் வாங்கித் தட்டில் வைத்தபோது சங்கு ஊதியது, பின்னேரம் வரை ஒன்றும் வாயில் படவில்லை என்பார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, காலைச் சாப்பாடு சாப்பிடாமல் யாரையும் படலை தாண்ட விட்டதில்லை. பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று நான் அழுதாலும் விடமாட்டார்.

ஒரு விஷயம் மட்டும் அவர் பேசமாட்டார். இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுக்குப் போன அவருடைய படைப்பிரிவுக்காரர்கள் 1942 மே மாதம் கிளர்ச்சி செய்தார்கள். அதில் மூன்று பேரை ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஆகஸ்ட் வந்தால் சின்னையா சில நாள் முகம் கொடுக்கமாட்டார். அம்மா அந்த நாட்களில் வீட்டுக்குள் சத்தமே வைக்கமாட்டார். காரணம் எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். இலையை விரித்துப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. காலையில் மஞ்சளாக இருந்த பூக்கள் எல்லாம் சிவந்து சுருங்கிவிட்டன. பூவரசு அப்படித்தான், ஒரு நாளுக்குள் நிறம் மாறிவிடும். கடையில் வேறு பூ வாங்கலாமா என்று கேட்டேன். "வாடினால் என்ன? எங்கட வேலிப் பூ" என்றார் அம்மா.

பூவரசுக்கு ஒரு கதை இருக்கிறது. முதலாம் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல், சட்டையில் குத்திக்கொள்ள விற்ற பொப்பி மலரின் காசில் பெரும்பகுதி பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரருக்கே போகிறது என்று, 1930களில் இலங்கையர் சிலர் அதற்கு எதிராக சூரிய மல் விற்றார்கள். சூரிய மல் என்பது நம் பூவரசம் பூதான். இலங்கை முன்னாள் படைவீரருக்கு உதவத் தொடங்கிய அந்த இயக்கம், 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் கிராமம் கிராமமாகப் போய் வேலை செய்தது. பட்டாளத்தில் கூட இருந்த சிங்கள நண்பர் ஒருவர் இதைச் சொன்ன பிறகு சின்னையா பொப்பி குத்தியதே இல்லை. நவம்பர் 11 அன்று சட்டைப் பையில் பூவரசம் பூவோடு சங்கக்கடைக்குப் போவார்.

ஐந்தாம் திகதி விடிய நான் எழும்பியபோது அம்மா விடுதிப் படியில் உட்கார்ந்து என் சப்பாத்தை மினுக்கிக்கொண்டிருந்தார். கையில் சின்னையாவின் பிரஷ். அவர் ஞாயிறு இரவுகளில் என் பள்ளிக்கூடச் சப்பாத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்க மயிர் சரிந்துபோன பிரஷ். 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது பதக்கமும் பட்டாளத்துக் கடதாசிகளும் போய்விட்டன. இது மட்டும் எப்படி அம்மாவோடு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடுங்கோ அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் குந்தினேன். முனையில் ஆரம்பித்து, குதிக்காலுக்குப் போய், மறுபடி முனைக்கு. அவர் தேய்க்கிற மாதிரியேதான்.

ஆட்டோ பிடித்துப் பூங்காவுக்குப் போனோம். தூணைப் பார்த்ததும் அம்மா என் கையை விட்டுவிட்டுத் தனியாக நடந்தார். ஆறு பூவையும் அடியில் ஒவ்வொன்றாக வைத்தார். அந்தத் தூணில் சின்னையாவின் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. 1991இல் ஊரில் படுக்கையில் போனவர் அவர். அன்று முற்றத்தில் ஒரு பெரியவர், "பெறாத பிள்ளை கொள்ளி வைக்கலாமோ?" என்று கேட்டார். பிரேதத்தின் பக்கத்தில் இருந்த அம்மா தலை நிமிர்ந்து, "அவன்தான் வைப்பான். அவற்றை மோன் அவன்" என்றார். நான்தான் வைத்தேன்.

"நேரம் என்ன?" என்று அம்மா கேட்டார். ஏழு முப்பத்தைந்து என்றேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காகங்கள்தான் பறந்தன. அப்புறம் மர நிழலில் இருந்த வாங்கில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு பார்சலை எடுத்து மடியில் விரித்தார். பாணும் சம்பலும். என்னை எழுப்புவதற்கு முன்னமே விடுதிப் பெடியனை அனுப்பி வாங்கி வைத்திருக்கிறார்.

"இரு தம்பி. சாப்பிட்டிட்டுப் போவம்" என்றார்.