மாம்போ கேட்டிருக்கீங்களா? கியூபாவுல பிறந்த துள்ளலான டான்ஸ் மியூசிக்ங்க.

1999ல லூ பேகாவோட ‘மாம்போ நம்பர் 5’ எங்க பார்த்தாலும் ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? அதோட ஒரிஜினல் 1949லயே ரெக்கார்ட் ஆயிடுச்சுங்க. போட்டவர் பெரெஸ் பிராடோ, கியூபாக்காரர், மெக்சிகோ போய்தான் பெரிய ஆளானார். அந்தப் பழைய ரெக்கார்டைத் தேடிக் கேளுங்க ப்ளீஸ். கீழ சாக்ஸபோன்லாம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்கும், மேல ட்ரம்பெட் உச்சியில போய் வெட்டும், திடீர்னு எல்லாம் நின்னு பிராடோ ‘ஊஹ்’னு ஒரு சத்தம் குடுப்பார் பாருங்க, உடனே மொத்த பேண்டும் பாயும்! அந்த ஒரு நொடிக்காகவே நான் ரிப்பீட்ல போடுறேன்.

விதை போட்டது ஹவானாவுலதான். 1938ல ஒரெஸ்தெஸ் லோபெஸ், தான்சோன்னு ஒரு சாந்தமான டான்ஸ் மியூசிக், அதோட கடைசிப் பகுதியில தாளத்தை முடுக்கிவிட்டு ‘மாம்போ’ன்னே பேர் வச்சார்.

பிராடோ பிடிச்சுப்போச்சுன்னா அடுத்து நியூயார்க் மாம்போ பேண்ட் தலைவர்களைக் கேளுங்க: மச்சிட்டோ, டிட்டோ ரோட்ரிகெஸ், டிட்டோ புவெந்தே. 1950கள்ல அங்க பல்லேடியம் பால்ரூம்ங்கிற டான்ஸ் ஹால்ல கறுப்பர், வெள்ளையர், போர்ட்டோ ரிக்கோக்காரங்க எல்லாரும் ஒரே தரையில ஆடுனாங்க, அந்தக் காலத்து அமெரிக்காவுல அது சாதாரண விஷயமே இல்ல. எனக்கு புவெந்தே வாசிக்கிற டிம்பாலேங்கிற ட்ரம்தான் உசுரு, குச்சியால ட்ரம்மோட பக்கவாட்டுத் தகட்டுல தட்டுவார், கணீர்னு இருக்கும். இன்னைக்கு நைட்டே ஆரம்பிங்க.