முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும் வேலை

டெக்சஸ் மாநில நர்சிங் ஹோம்களில் காலை வேளையில் பூட்டிய இழுப்பறைகள் கொண்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகச் செல்பவர் பல இடங்களில் நர்ஸ் அல்லர். அவருடைய பதவியின் பெயர் மெடிகேஷன் எய்ட். இல்லத்துக்குள் 'மெட் எய்ட்' என்று சுருக்கி அழைப்பார்கள். ஹூஸ்டனின் புறநகர்ப் பகுதி ஒன்றில் சில ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் மருத்துவத் துறையில் நுழைய ஒரு வழி தேடும் தமிழ்ப் பெண்கள் சிலர் இந்த வேலையைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். மாத்திரையைச் சிறிய கோப்பையில் போட்டு, தண்ணீருடன் நீட்டினால் வேலை முடிந்தது என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு இருக்கிறது. அவர்களுக்காகவும், தங்கள் பெற்றோரை இத்தகைய இல்லங்களில் சேர்த்திருக்கும் குடும்பங்களுக்காகவும் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நர்சிங் ஹோமில் மெட் எய்டாக விரும்புபவர் முதலில் நர்ஸ் எய்டாகச் சான்று பெற வேண்டும். டெக்சஸில் அதற்கான பயிற்சி 100 மணி நேரம். 60 மணி வகுப்பிலும் 40 மணி முதியோர்களுடன் நேரடியாகவும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அதில் அடங்கும். அதன் பிறகுதான் 140 மணி நேர மருந்துப் பயிற்சி. வகுப்பறையில் 100 மணி, செய்முறைக் கூடத்தில் 30 மணி, இல்லத்தில் மேற்பார்வையுடன் 10 மணி. அதை முடித்து மாநிலத் தேர்விலும் தேறியவருக்கே அனுமதிச் சான்று கிடைக்கும். நர்ஸ் எய்டாக வேலை செய்யாமல் நேராக மருந்து வண்டிக்கு வர முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவருக்கு எந்தப் பக்கம் சாய்ந்தால் விழுங்க எளிது, யாருக்குக் காலையில் காது கேட்கும் கருவி மாட்டாமல் பேசினால் எதுவும் புரியாது என்பதையெல்லாம் அந்த வேலைதான் கற்றுக்கொடுக்கிறது. ஆகவே அந்த நிபந்தனை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பயிற்சியில் எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிய வைக்கப்படுவது, நாங்கள் செய்யக்கூடாதவற்றின் பட்டியல். ஊசி போடக்கூடாது, எனவே இன்சுலின் நர்ஸின் பொறுப்பு. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்தோ உணவோ செலுத்தக்கூடாது. அளவைக் கணக்கிடக்கூடாது. மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் ஆணையை வாங்கி எழுதிக்கொள்ளக்கூடாது. 'பிஆர்என்' எனப்படும், தேவைப்படும்போது மட்டும் கொடுக்கும் வலி மாத்திரையைக்கூட நர்ஸின் ஒப்புதல் இல்லாமல் கொடுக்கக்கூடாது. ஒருவருக்குப் புதிதாக எழுதப்பட்ட மருந்தின் முதல் வேளையை நாங்கள் கொடுக்கக்கூடாது. புதிய மருந்து ஒருவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, அரிப்போ மூச்சுத் திணறலோ வருமா என்பதை மதிப்பிடும் பயிற்சி நர்ஸுக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. இந்தத் தடைகளைத் தகுதிக் குறைவின் அடையாளமாக எண்ணி வருந்தும் சக பணியாளர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எண்பது வயதைக் கடந்த, சிறுநீரகம் பாதி வேலை செய்யும் ஓர் உடம்பில் சிறு அளவு மாறினாலும் விளைவு பெரிதாக இருக்கும் என்பதால், எங்கே நிறுத்தி நர்ஸை அழைக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லாமல் இருப்பது அந்த முதியவருக்கு நல்லது.

காலை எட்டு மணிக்கு என்று எழுதப்பட்ட மருந்தை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை கொடுக்கலாம். அதாவது ஏழு முதல் ஒன்பது வரை, 120 நிமிடங்கள். ஒரு வண்டிக்கு முப்பது பேர் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு நான்கு நிமிடங்கள். மறதி நோய் உள்ளவர் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் 'ஆம்' என்பார் என்பதால், வண்டியிலுள்ள கணினித் திரையில் தெரியும் புகைப்படத்தோடு முகத்தை ஒப்பிட்டுத்தான் ஆளை உறுதி செய்ய வேண்டும். பிறகு ஒவ்வாமைக் குறிப்பைப் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையில் உள்ள மருந்தின் பெயரையும் அளவையும் எடுக்கும்போது ஒரு முறை, கோப்பையில் இடும்போது ஒரு முறை, அட்டையைத் திரும்ப வைக்கும்போது ஒரு முறை என மூன்று முறை திரையோடு ஒப்பிட வேண்டும். இரத்த அழுத்த மருந்து இருந்தால் அழுத்தத்தை அளந்து, மருத்துவர் குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். இதய மருந்தான டிஜாக்சின் கொடுப்பதற்கு முன் இதயத் துடிப்பை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும்; பொதுவாக 60-க்குக் கீழே இருந்தால் கொடுப்பதில்லை. அந்த நான்கு நிமிடங்களில் ஒன்று இப்படி எண்ணுவதிலேயே செலவாகிறது. அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் பதிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்வதும், மாத்திரைக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவதும் பெரிய தவறுகள்.

அந்த இரண்டு மணி நேரத்தை எல்லா மருந்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும்; கால்சியமும் இரும்புச்சத்தும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட்டை ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கியவர், உணவுக்குழாய் புண்ணாகாமல் இருக்க, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சிறுநீர் பிரியவைக்கும் ஃப்யூரோசமைடை மாலை தாமதமாகக் கொடுத்தால் அவர் இரவில் கழிவறைக்கு எழுந்து விழக்கூடும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு மிகவும் கவலை தரும் மருந்து, பார்க்கின்சன் நோய்க்கான கார்பிடோபா-லெவோடோபா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். மருந்து நேரத்துக்குக் கிடைத்த நாளில் அவர் தாமே கரண்டியைப் பிடித்துச் சாப்பிடுவார். பக்கத்து மேசையில் இருப்பவரிடம் நலம் விசாரிப்பார். அரை மணி நேரம் தாமதமானால் விரல்கள் மடங்க மறுக்கும், குரல் உள்ளே போய்விடும், யாராவது ஊட்ட வேண்டிய நிலை வரும். காகிதத்தின்படி அந்த அரை மணித் தாமதம் விதிக்கு உட்பட்டதுதான். ஆனாலும் நானும் மற்ற ஷிஃப்டில் வரும் மெட் எய்டும் பேசி வைத்துக்கொண்டு, அவருடைய அறையிலிருந்தே எங்கள் சுற்றைத் தொடங்கினோம். அதற்காக வண்டியை நடைபாதையின் கடைசி வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு மாத்திரையைப் பொடித்து ஆப்பிள் கூழிலோ புட்டிங்கிலோ கலந்து கொடுக்கிறோம். ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதும் பரவ வேண்டிய மருந்து ஒரே சமயத்தில் உடம்பில் இறங்கிவிடும். பொட்டாசியம் மாத்திரையையும் மேலுறை பூசிய ஆஸ்பிரினையும் பொடித்தால் அவை வயிற்றைப் பாதிக்கும். எனவே நர்ஸைக் கேட்காமல் எதையும் பொடிக்கக்கூடாது. கூழில் கலக்கும்போதும், அதில் மருந்து இருக்கிறது என்பதை அந்த முதியவரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஏனெனில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், ஒழுங்குபடுத்துவதற்காகவோ பணியாளர்களின் வசதிக்காகவோ ஒருவரை மருந்தால் கட்டிப்போடக்கூடாது என்றது. மறதி நோயுள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் கொடுப்பது மரண அபாயத்தை அதிகரிக்கிறது என்று 2005-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. மாலை மங்கும் நேரத்தில் மறதி நோயுள்ளவர்கள் பலர் அமைதி இழப்பார்கள்; வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவருகே நிற்பார்கள்; கோப்பையைத் தட்டிவிடுவார்கள். அப்போது வற்புறுத்தாமல் விலகி, பதினைந்து இருபது நிமிடம் கழித்து வேறு பேச்சோடு திரும்பி வந்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். வாங்காவிட்டால் 'மறுத்தார்' என்று பதிந்து நர்ஸிடம் தெரிவிக்க வேண்டும். கத்துபவருக்கு உடனே அடக்கும் மருந்து கேட்பதற்கு முன், அவருக்கு மலச்சிக்கலா, இடுப்பு வலியா, சிறுநீர்த் தொற்றா என்று பார்க்கச் சொல்லும் நர்ஸ்கள் எனக்கு வாய்த்தார்கள். அவர்களிடம் நான் கற்றது அதிகம்.

போதை தரும் வலி மருந்துகள் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கும். ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒவ்வோர் அட்டையையும் எண்ணிக் கையெழுத்திட்ட பிறகே சாவி கை மாறும். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

மருத்துவர் சில வாரங்களுக்கு ஒரு முறை வருகிறார். மருந்தாளர் மாதம் ஒரு முறை மருந்துப் பட்டியலை ஆராய்கிறார். நாள்தோறும் அந்த முகத்தை அருகிலிருந்து பார்ப்பவர்கள் எய்டுகள். எழுந்து நிற்கும்போது புதிதாகத் தலைசுற்றுகிறது, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கிறார், டிஜாக்சின் எடுப்பவர் இரண்டு நாட்களாக உணவு பிடிக்கவில்லை, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார் என்பவற்றைக் கண்டு சொல்வது எங்கள் கையில் இருக்கிறது. இவற்றுக்கு என்ன காரணம் என்று முடிவு செய்வது எங்கள் வேலை ஆகாது. ஆனால் அன்றே, அந்த ஷிஃப்டிலேயே நர்ஸின் காதில் போட வேண்டும். இந்த வேலையில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

ஆள் பற்றாக்குறை முதலில் பறித்துக்கொள்வதும் இதைத்தான். கூட்டாட்சி விதிகளின்படி மருந்துப் பிழை விகிதம் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆய்வாளர்கள் குறைந்தது 25 மருந்துகள் கொடுக்கப்படுவதை உடன் நின்று பார்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். ஆய்வு நாளில் கூடுதல் ஆட்களை நிறுத்திவிட்டு, அடுத்த வாரமே இரண்டு வண்டிகளை ஒருவரிடம் ஒப்படைக்கும் இல்லத்தில் நானும் வேலை செய்திருக்கிறேன். அங்கே மாத்திரைகள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் யாருடைய முகத்தையும் நின்று பார்க்க நேரம் இருக்கவில்லை. அதனால்தான் அந்த இடத்தை விட்டு விலகினேன்.

பெற்றோரைச் சேர்க்கப் போகும் குடும்பங்கள், ஒரு மெட் எய்ட் காலையில் எத்தனை பேருக்கு மருந்து கொடுக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். உங்கள் அம்மாவோ அப்பாவோ வீட்டில் எடுத்துவந்த எல்லாவற்றையும், லேகியம், மஞ்சள்தூள் காப்சூல், ஊரிலிருந்து வந்த சூரணம் உட்பட, எழுதிக் கொடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இவற்றில் சில இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும். பாசத்தால் கொண்டுவந்த மருந்துப் புட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாமல் நர்ஸிடம் கொடுங்கள். அவர் தாமே மருந்து எடுத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் விதிகளில் இடம் உண்டு; பாதுகாப்பாகச் செய்ய முடியுமா என்று இல்லத்தின் குழு மதிப்பிட்டு அனுமதிக்கும். மாத்திரையை மோரோடுதான் விழுங்குவார், 'பாட்டி' என்று அழைத்தால்தான் வாய் திறப்பார் என்பது போன்ற பழக்கங்களையும் சொல்லுங்கள். மோர் கூடாத மருந்து ஏதேனும் இருந்தால் நர்ஸ் சொல்லிவிடுவார். மற்றவற்றை நாங்கள் வண்டியிலுள்ள அவருடைய குறிப்பில் சேர்த்துக்கொள்வோம்.