அந்த நோட் எந்த ட்ரீயில நிக்குது?

லினக்ஸ் ஒபரேட்டிங் சிஸ்டத்தின்ர கருவான கேர்னலில கோட் ரிவியூ செய்யிறன் எண்டு சொன்னால் சொந்தக்காரர் எல்லாம் நினைக்கிறது நான் மற்றாக்களின்ர பிழை பிடிக்கிற வேலை செய்யிறன் எண்டு. பிழை பிடிக்கிறது அதில சின்னப் பங்கு. மிச்ச நேரம் முழுக்க ஆரோ ஒராள் "இது பாதுகாப்பானது, ஏனெண்டால்..." எண்டு எழுதி வச்ச காரணத்தை முன்னுக்கு வச்சுக்கொண்டு, உது உண்மையோ, எப்பவும் உண்மையோ, ஆர் கூப்பிட்டாலும் உண்மையோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறதுதான். பாக்கிறவைக்கு நான் சும்மா ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரித்தான் தெரியும்.

நாங்கள் கொக்குவில் பக்கம் ஒரு மேல்மாடி ஒபிஸில இருந்து வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுறம். சின்ன டீம், கூடுதலா யாழ்ப்பாணம் கம்பஸ் பிள்ளையள், ரெண்டு பேர் கிளிநொச்சி அறிவியல் நகர் எஞ்சினியரிங் முடிச்ச பெடியள். கேகேஎஸ் ரோட்டுப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் பஸ் கோர்ன், பூட்டினால் வெக்கை, அதுக்குள்ள இருந்துதான் ரெட் பிளாக் ட்ரீயைப் பற்றிச் சண்டை பிடிக்கிறது.

ரெட் பிளாக் ட்ரீ எண்டது தரவைக் கீ எண்ட அடையாளத்தின்ர வரிசையில அடுக்கி, கெதியாத் தேடக்கூடிய மாதிரிச் சமநிலையா வச்சிருக்கிற மர அமைப்பு; அதில ஒவ்வொரு கணுவும் ஒரு நோட், உச்சியில நிக்கிறது ரூட், ஒரு நோட்டுக்கு நேர மேல நிக்கிறது பேரன்ட். கம்பஸில படிச்சு சோதினையோட மறந்துபோற சாமான். 1972இல ருடோல்ஃப் பேயர் இதின்ர அடிப்படையைக் குடுத்தவர், 1978இல கிபாஸும் செட்ஜ்விக்கும் சிவப்பு கறுப்பு எண்டு நிறம் பூசி இண்டைக்கு நாங்கள் படிக்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்தவை. லினக்ஸில சி மொழியில இருக்கிற இந்த மரத்தின்ர கோட்டின்ர தலைப்பில 1999, அன்ட்ரேயா ஆர்காஞ்சலி எண்டு போட்டிருக்கும். 2007இல வந்த சிஎஃப்எஸ் ஷெடியூலர் அடுத்ததா எந்த புரோசஸை ஓட விடுறது எண்டு முடிவெடுத்தது இந்த மரத்தை வச்சுத்தான், அதுக்குப் பிறகு வந்த ஈஈவிடிஎஃப்பும் இதைத்தான் வச்சிருக்கு, டைமர் பக்கம் போனால் அங்கையும் இதுதான், கன கனெக்சனை ஒரே நேரத்தில கவனிக்கிற ஈபோலுக்குள்ளயும் இதுதான். கம்பஸில "உது எங்க சேர் பாவிக்கிறது" எண்டு கேட்டனாங்கள், அந்தக் கேள்வி கேக்கேக்க முன்னுக்கு இருந்த கொம்பியூட்டருக்குள்ளயே அது ஓடிக்கொண்டு இருந்திருக்கு.

அந்த சி கோட் வலு இறுக்கமா எழுதினது. ஒரு நோட்டில மூண்டு பொயின்ரர் (மெமரியில ஒரு இடத்தின்ர அட்ரஸ்) அளவு இடம்தான், 64 பிட் மெஷினில 24 பைட். நிறத்துக்கு எண்டு தனி இடம் இல்லை, பேரன்ட் பொயின்ரரின்ர கடைசி பிட்டுக்குள்ள நிறத்தை ஒளிச்சு வச்சிருப்பினம், நோட் எல்லாம் அலைன் பண்ணின, எப்பவும் இரட்டை எண்ணா வாற அட்ரசில இருக்கிறபடியால் அந்த பிட் எப்பிடியும் சும்மாதான் கிடக்கும். தேடுற கோட்டும் நோட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிற கோட்டும் நீங்களே எழுதோணும், ஸ்பீட் குறையக் கூடாது எண்டதுக்காக அப்பிடி விட்டிருக்கினம். அதாவது மரத்தைச் சமநிலையா வச்சிருக்கிறது மட்டும்தான் அவையின்ர பொறுப்பு, சரியான நோட்டை, சரியான மரத்தில, சரியான லொக்கை (ஒரே நேரத்தில ரெண்டு பேர் மரத்தைத் தொடாமல் தடுக்கிற பூட்டை) பிடிச்சுக்கொண்டு குடுக்கிறது உங்கட பொறுப்பு. குடுக்காட்டி என்ன நடக்கும் எண்டு அங்க ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, எழுதத் தேவையும் இல்லை, எல்லாருக்கும் தெரியும்.

மெமரிப் பிழையைக் கொம்பைலரே தடுக்கிற ரஸ்ட் மொழி கேர்னலுக்குள்ள வந்தாப் பிறகு இந்தப் பொறுப்பு இடம் மாறிட்டுது. ஆண்ட்ரோய்டில புரோசஸுகளுக்கு இடையில செய்தி கடத்துற பைன்டர் டிரைவரை ரஸ்டில திருப்பி எழுதுற வேலைக்குத் தேவைப்பட்டு, இந்த சி மரத்துக்கு மேல ஒரு ரஸ்ட் உறை 2024 நவம்பரில வெளிவந்த 6.12 கேர்னலோட சேர்ந்தது. உள்ளுக்குள்ள அதே சி மரம்தான், வெளியால கூப்பிடுறவருக்கு, கொம்பைலர் சரிபாக்க ஏலாது, எழுதினவர்தான் பொறுப்பு எண்டு குறிக்கிற அன்சேஃப் எண்ட சொல்லே தேவையில்லை. அப்ப கூப்பிடுறவர் எவ்வளவு மொக்குத்தனமாக் கூப்பிட்டாலும் மெமரி உடையக் கூடாது, உடைஞ்சால் பிழை உறை எழுதினவரில. உறைக்குள்ள இருக்கிற ஒவ்வொரு அன்சேஃப் பிளொக்குக்கும் மேல ஒரு சேஃப்டி கொமென்ற் எழுதியே ஆகோணும் எண்டது அங்க வழக்கம். காணி வாங்கேக்க உறுதியில எழுதிக்கிடக்கிற நாலு பக்க எல்லையும் நேரில போய்ப் பாத்தால் அந்தக் காணிக்குத்தான் பொருந்துதோ எண்டு பாக்கிற மாதிரித்தான் அந்தக் கொமென்றை நான் வாசிக்கிறது. அழகா எழுதியிருக்கோ எண்டது எனக்குத் தேவையில்லை.

எங்கட டீமில அந்த உறைக்கு மேல எங்கட தேவைக்கு ரெண்டு மூண்டு ஃபங்சன் கூட்டி வச்சிருக்கிறம். அதில ஒண்டுக்கு தம்பி ஒராள் பற்ச் (கோட் மாற்றம்) ஒண்டு அனுப்பினவர். கெட்டிக்காரன், கோட் வடிவா எழுதுவார். அவற்ற யோசினை இதுதான்: ஒரு நோட்டை மரத்துக்குள்ள போடேக்க அந்த நோட்டைக் காட்டுற ஒரு ஹேண்டில் குடுக்கிறது, பிறகு அழிக்கோணும் எண்டால் கீயை வச்சுத் திருப்பித் தேடாமல் அந்த ஹேண்டிலைக் குடுத்து நேர கழட்டிறது. ரெஸ்ட் எல்லாம் பாஸ். அன்சேஃப் பிளொக்குக்கு மேல கொமென்ற் இப்பிடி இருந்தது: "இந்த ஹேண்டில் ட்ரீ ஒண்டுக்குள்ள நிக்கிற நோட்டைத்தான் காட்டும், அதால இரேஸ் பண்ணிறது பாதுகாப்பு."

ட்ரீ ஒண்டுக்குள்ள. சரி, எந்த ட்ரீ?

கழட்டிற சி ஃபங்சனுக்கு ரெண்டு சாமான் குடுக்கோணும், நோட் ஒண்டு, மரத்தின்ர ரூட் ஒண்டு. ரெண்டும் ஒரே மரத்தின்ரதோ எண்டு அது பாக்காது, பாக்கிறதுக்கு அதுக்கு நேரமும் இல்லை. இப்ப முதலாவது மரத்தின்ர நோட்டையும் ரெண்டாவது மரத்தின்ர ரூட்டையும் குடுத்தால் என்ன நடக்கும்? அந்த நோட்டுக்கு மேல ஒரு பேரன்ட் இருந்தால் பெரும்பாலும் ஒண்டும் நடக்காது, பேரன்டின்ர பொயின்ரரைத் திருத்திப்போட்டு வேலை முடிஞ்சுது எண்டு வரும், ரூட்டைத் தொடவே மாட்டுது. இதுதான் இதில இருக்கிற விஷம், பத்துத் தரம் பிழையாக் கூப்பிட்டாலும் ஒன்பது தரம் சரியா வேலை செய்யிற மாதிரித் தெரியும். ஆனால் நோட்டே மேல நிக்கிற ரூட் நோட்டா இருந்தால், இல்லாட்டி சமநிலைப்படுத்தேக்க சுழற்சி மேல மட்டும் ஏறிப் போச்சுது எண்டால், ரெண்டாவது மரத்தின்ர ரூட்டில முதலாவது மரத்தின்ர சாமானைக் கொண்டுபோய் எழுதிவிடும்.

நான் கொமென்றில கதை எழுதாமல் சின்ன ரெஸ்ட் ஒண்டு எழுதி அனுப்பினன். ரெண்டு மரம், ஒவ்வொண்டிலயும் ஒரு நோட். முதலாவதில எடுத்த ஹேண்டிலை ரெண்டாவது மரத்திட்டக் குடுத்து அழி எண்டு சொல்லுறது. ரெண்டாவது மரத்தின்ர ரூட் வெறுமையாப் போகும், அதில நிண்ட நோட் ஆருக்கும் சொந்தமில்லாமல் மெமரிக்குள்ள கிடக்கும். முதலாவது மரம் இன்னும் தனக்கு ஒரு நோட் இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு, ஃப்ரீ பண்ணின இடத்தைக் காட்டிக்கொண்டு நிக்கும். அடுத்ததா முதலாவதில ஏதும் தேடினால் மெமரிப் பிழை பிடிக்கிற கேர்னல் கருவியான கேசான் ரிப்போர்ட் அடிக்கும். அந்த ரெஸ்டுக்குள்ள அன்சேஃப் எண்டு ஒரு இடத்திலயும் நான் எழுதேல்லை, அதுதான் முக்கியம்.

தம்பி கோல் எடுத்தார். "அக்கா, ஆர் இப்பிடிக் கூப்பிடப் போகினம்? எங்கட டிரைவரில ஒரு மரம்தானே இருக்கு."

"இண்டைக்கு ஒண்டுதான் இருக்கு தம்பி. நீர் அதை சேஃப் எண்டு வெளிய விட்டிருக்கிறீர், சேஃப் எண்டால் எத்தினை மரம் எண்டு கூப்பிடுறவர் யோசிக்கத் தேவையில்லை எண்டுதானே அர்த்தம்."

"அப்ப அன்சேஃப் எண்டு மாத்தி விடட்டே?"

அது நேர்மையான பதில்தான், சிலவேளை சரியான பதிலும் கூட. ஆனால் அப்பிடி மாத்தினால் அதைக் கூப்பிடுற ஒவ்வொரு இடத்திலயும் ஒராள் காரணம் எழுதோணும், அதை என்னைப்போல இன்னொராள் வாசிக்கோணும். கேர்னல் உறையில இதுக்கு இருக்கிற வழி கேசர், மரத்துக்குள்ள ஒரு நோட்டில நிக்கிற சுட்டி. அது மரத்தையே தனியாப் பிடிச்சு வச்சுக்கொண்டு நிக்கும், அதால வேற மரத்திட்டக் கொண்டுபோய்க் குடுக்க வழியே இல்லை, கொம்பைலர் விடாது. எங்களுக்கு அது சரிவராது, ஏனெண்டால் லொக்கை விட்டிட்டுப் போய்ப் பிறகு வந்து அழிக்கோணும், கேசரை அவ்வளவு நேரம் பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது. கடைசியில நான் கேட்டன், திருப்பித் தேடினால் என்ன நட்டம் எண்டு. ரெட் பிளாக் மரத்தில ஆயிரம் நோட் இருந்தாலும் உயரம் இருபதுக்குள்ளதான், எங்கட மரத்தில ஆயிரம் வாறதே இல்லை. அந்த இருபது ஒப்பீட்டை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு பாடும். ஹேண்டிலைத் தூக்கிப்போட்டு கீயை வச்சுத் தேடி அழிக்கிறது எண்டு முடிஞ்சுது, பற்ச் அரைவாசியாச் சுருங்கிச்சுது.

சொல்ல மறக்கக் கூடாது, அதே பற்ச்சில அவர் சரியாச் செய்த ஒரு விஷயம், புதுசா வாறவை கனபேர் விடுற இடம் அது. ஸ்பின்லொக் எண்ட வகைப் பூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க நித்திரை கொள்ள ஏலாது, சாதாரணமா மெமரி கேட்டால் கேர்னல் உங்களை நித்திரையாக்கக் கூடும். அதுக்காக உறையில ரிசர்வேசன் எண்டு ஒண்டு இருக்கு, லொக் பிடிக்க முன்னமே நோட்டுக்கு வேண்டிய இடத்தை எடுத்து வச்சுக்கொண்டு, பிறகு உள்ள போய் நிரப்பி மரத்தில கொழுவுறது. இவர் அதைக் கேக்காமலே பாவிச்சிருந்தார். "வடிவாச் செய்திருக்கிறீர்" எண்டு எழுதினன். நல்லது எழுதினதையும் ரிவியூவில சொல்லோணும், எங்கட ஆக்கள் உதில சரியான கஞ்சத்தனம்.

அவர் எழுதின ரெண்டாவது ஃபங்சன்தான் எனக்கு நித்திரை குழப்பினது. ரெண்டு கீ குடுத்தால் ரெண்டு வேல்யூவையும் ஒரே நேரத்தில மாத்தக் கூடிய மாதிரித் தாற ஃபங்சன். ரெண்டும் ஒரே வேல்யூவாப் போனால், ஒரு வேல்யூவை மாத்த ஒரு நேரத்தில ஒரு வழிதான் இருக்கலாம் எண்ட ரஸ்டின்ர அடிப்படை விதியே உடைஞ்சிடும், அதால அவர் முதலே ரெண்டு கீயும் சமனோ எண்டு பாத்து, சமன் எண்டால் திருப்பி அனுப்புறார். கொமென்ற்: "கீ வேற எண்டால் நோட்டும் வேற." பாத்தவுடன தலையாட்டத்தான் வரும். ஆனால் சமனோ எண்டு பாக்கிற கோட் ஒண்டு, மரத்துக்குள்ள தேடேக்க ஒப்பிடுற கோட் இன்னொண்டு. ரெண்டும் ஒத்துப்போகோணும் எண்டு ரஸ்ட் எழுத்தில கேக்குது, கொம்பைலர் பாக்காது. ஒராள் ரெண்டையும் ஒவ்வொரு விதமா எழுதினால் தேடல் பிழைக்கலாம், அது பரவாயில்லை, மெமரி உடையக் கூடாது. இதில உடையும்: கீ ரெண்டும் வேற எண்டு முதல் கோட் சொல்ல, தேடல் ரெண்டுக்கும் ஒரே நோட்டைக் கொண்டுவந்து குடுக்கும்.

திருத்தம் ஒரு வரிதான், கீயை விட்டிட்டுத் தேடிக் கிடைச்ச நோட் ரெண்டின்ரயும் அட்ரசை ஒப்பிட்டால் காணும். தம்பி உடன மாத்திப்போட்டு, "செய்திட்டன் அக்கா, ஆனால் அப்பிடி ரெண்டு விதமா ஆர் எழுதுவினம்" எண்டு பின்னுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டு அனுப்பினவர். நானும் சும்மா ஒருக்கா எங்கட டிரைவருக்குள்ள தேடிப் பாத்தன். டிவைஸ் பேரைக் கீயா வச்சிருக்கிற ஒரு ஸ்ட்ரக்ட் கிடந்தது. ஒப்பிடேக்க இங்கிலிஸ் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காமல் விடுது, சமனோ எண்டு கேட்டால் வித்தியாசம் பாக்குது. லிங்கை அவருக்கு அனுப்பினன், சிரிப்புப் பொம்மை திரும்பி வரேல்லை.