ஒரே கம்பி, எல்லார் காதிலும் டக் டக்

தந்தி அடித்தால் அது நேராக அந்த ஊருக்கு மட்டும்தான் போய்ச் சேரும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை!

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் பாதைகளில் பெரும்பாலும் ஒரே கம்பியில்தான் வழியில் இருந்த ஸ்டேஷன்களை வரிசையாகக் கோத்திருந்தார்கள். ஒருவர் தட்டினால் எல்லா ஸ்டேஷனிலும் 'டக் டக்' கேட்கும். நம்ம வாட்ஸப் குரூப் மாதிரியேதான்.

சரி, யாருக்கான செய்தி என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓரிரு எழுத்தில் ஓர் அழைப்புக்குறி. அனுப்புகிறவர் அதைத் திரும்பத் திரும்பத் தட்டி, இடையிடையே தன் குறியையும் சேர்ப்பார். அந்தப் பக்கத்து ஆள் 'ஐ ஐ' (ஆங்கில I I) என்று தட்டி, தன் குறியையும் சொன்ன பிறகுதான் செய்தி கிளம்பும். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். (ஒட்டுக்கேட்காமலா இருந்திருப்பார்கள்?) பழகிய காதுக்கு, அரைத்தூக்கத்திலும் தன் குறி மட்டும் தனியாகக் கேட்குமாம்.

வேறு கம்பியில் இருக்கும் ஊர் என்றால், நடுவில் ஒரு பெரிய ஆபீசில் ஒருவர் அதைத் தாளில் எழுதி அடுத்த மேசைக்கு அனுப்புவார். அங்கே இன்னொருவர் முதலிலிருந்து மறுபடி தட்டுவார். மனுஷனே ரவுட்டர்!

எனக்கு ரொம்பப் பிடித்தது புகையிலை டப்பா கதை. ஒரே மேசையில் இரண்டு மூன்று கம்பி இருந்தால் எது தட்டுகிறது என்று குழப்பம் வரும். 20ஆம் நூற்றாண்டு ஆபரேட்டர்கள் 'டக் டக்' ஒலிக்கும் கருவிகளில் ஒன்றுக்குப் பின்னால் காலித் தகர டப்பாவைச் செருகிவிடுவார்கள். அந்தக் கம்பிக்கு மட்டும் கணீரென்று தனிக்குரல்.