கேட்டலிஸ்ட் 9407ஆரில் இரண்டாவது சூப்பர்வைசர்: போடுவதும் சோதிப்பதும்

சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9407ஆர் சுவிட்சின் சேசிஸில் (கார்டுகள் செருகும் பெட்டி) 3, 4 ஆகிய ஸ்லாட்டுகள், சுவிட்சின் மூளையான சூப்பர்வைசர் கார்டுக்கு மட்டுமே உரியவை. ஒற்றைக் கார்டில் ஓடிய கோர் சுவிட்சில் (நெட்வொர்க்கின் மையச் சுவிட்ச்), ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும்படி இரண்டாவதைச் சேர்த்தோம். செருகுவது எளிது. கவனமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் தேவைப்பட்டது.

இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். சூப்-1, சூப்-1எக்ஸ்எல் என்ற இரு சூப்பர்வைசர் மாடல்களையும் கலக்க முடியாது. "ஷோ பவர்" கொடுத்து, கூடுதல் கார்டுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது அப்லிங்க் போர்ட்டுகளில் (சூப்பர்வைசர் கார்டிலேயே உள்ள, மற்ற சுவிட்சுகளுக்குப் போகும் போர்ட்டுகள்). சூப்-1 தனியாக இருக்கும்போது எட்டு 10ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) போர்ட்டுகளும் கிடைக்கும். துணைக் கார்டு வந்துவிட்டால் ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரைதான். 5 முதல் 8 வரை கேபிள் இருந்தால் அந்த லிங்க் அப்போதே இறங்கிவிடும். ஆகவே கேபிள்களை முன்கூட்டியே மாற்றிவிட்டு, ஈதர்சேனலின் (பல கேபிள்களை ஒரே லிங்க்காகச் சேர்ப்பது) ஒரு கால் ஸ்லாட் 3இலும் மறு கால் ஸ்லாட் 4இலும் வரும்படி திட்டமிடுங்கள்.

ஐஓஎஸ்-எக்ஸ்இ (சுவிட்சின் இயங்குதளம்) பதிப்பு இரண்டிலும் ஒன்றாக, இரண்டும் இன்ஸ்டால் மோடில் (இயங்குதளத்தைத் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்து ஏற்றும் முறை) இருக்க வேண்டும். உதிரிச் சேசிஸ் இருந்தால் புதுக் கார்டை அதில் போட்டு, முன்பே அதே பதிப்பை ஏற்றிவிடுவது நல்லது. இரண்டு கார்டிலும் கன்சோல் கேபிள் (கார்டின் செய்திகளை நேரடியாகக் காட்டும் இணைப்பு) செருகி வையுங்கள். எழாத கார்டு ஏன் எழவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

எழுந்த பிறகு "ஷோ ரிடண்டன்சி ஸ்டேட்ஸ்". இயங்கும் கார்டு ஆக்டிவ், துணைக் கார்டு ஸ்டாண்ட்பை. பியர் ஸ்டேட் (மறு கார்டின் நிலை) "8 -ஸ்டாண்ட்பை ஹாட்", அதாவது பொறுப்பேற்கத் தயார், என்று வர வேண்டும். வராவிட்டால் முதலில் பதிப்பைச் சரிபாருங்கள், பிறகு "ஷோ ரிடண்டன்சி கன்ஃபிக்-சிங்க் ஃபெயிலியர்ஸ் எம்சிஎல்". துணைக் கார்டு ஏற்காத கட்டளைகளை அது வரிவரியாகக் காட்டும்.

ஹாட் என்று வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதை நான் ஏற்கமாட்டேன். எஸ்எஸ்ஓ (ஸ்டேட்ஃபுல் ஸ்விட்ச்ஓவர், நிலை கெடாமல் கார்டு மாறும் முறை) காப்பது சுவிட்சின் உள்நிலையை. ரவுட்டிங் அண்டையர்கள் (பாதைத் தகவல் பரிமாறும் பக்கத்துச் சாதனங்கள்) அதையும் மீறி உறவை முறித்துக்கொள்ளலாம். ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் நெறிமுறையில் "என்எஸ்எஃப்" (கார்டு மாறும்போதும் போக்குவரத்தை நிறுத்தாத வசதி) போடுங்கள். எதிர்முனையும் அதைப் புரிந்துகொள்வதாக இருக்க வேண்டும். டெட் டைமரை (ஹலோ செய்தி வராவிட்டால் அண்டையர் இறந்ததாகக் கொள்ளும் நேரம்) ஒரு நொடிக்குக் குறைத்து வைத்திருந்தால், புது ஆக்டிவ் கார்டு ஹலோ அனுப்புவதற்குள் உறவு போய்விடும். ஹலோவுக்கு 10, டெட் டைமருக்கு 40 என்ற வழக்கமான நொடிகளுக்குத் திரும்புவதே மேல். பிஜிபி என்ற இன்னொரு ரவுட்டிங் நெறிமுறையில், இதே வேலையைச் செய்யும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் போட்டால் மட்டும் போதாது. அந்தத் திறன், செஷன் தொடங்கும்போது போகும் ஓபன் செய்தியில்தான் பேசி முடிவாகிறது. ஆகவே செஷனை ஒருமுறை ரீசெட் செய்தாக வேண்டும்.

சோதனையை இரண்டு கட்டமாக வைத்தோம். "ரைட் மெமரி" கொடுத்து, சர்வர் பக்கமிருந்து இடைவிடாத பிங் ஓடவிட்டு, முதலில், ஆக்டிவ் பொறுப்பை மறு கார்டுக்கு மாற்றும் "ரிடண்டன்சி ஃபோர்ஸ்-ஸ்விட்ச்ஓவர்". பழைய ஆக்டிவ் ரீலோடாகி ஸ்டாண்ட்பையாக எழும். அது மறுபடி ஹாட் நிலைக்கு வரும்வரை எதையும் தொடாதீர்கள். அந்த இடைவெளியில் மறு கார்டும் விழுந்தால் சேசிஸ் முழுவதும் விழும். அடுத்து ஆக்டிவ் கார்டையே கையால் இழுப்பது. முதல் சோதனை சொல்லிவைத்துச் செய்யும் மாற்றம். திடீர்ப் பழுதுக்கு நெருக்கமானது இதுதான். அந்தக் கார்டின் அப்லிங்க்குகளும் சேர்ந்து போவதால், ஈதர்சேனல் திட்டம் சரியா என்பதும் இதில்தான் வெளிப்படும்.

இழுத்த கார்டைத் திருப்பிச் செருகினால் ஸ்டாண்ட்பையாகவே எழும். ஆக்டிவ் பதவியைத் தானாகத் திரும்பப் பெறாது. எந்த ஸ்லாட் ஆக்டிவாக இருக்கிறதோ அப்படியே விட்டுவிடலாம். பழைய வரிசைக்காக இன்னொரு ஸ்விட்ச்ஓவர் செய்ய வேண்டியதில்லை.