நண்பருக்காக ஒரு பூசை

அப்பா இறந்தால் மகன் என்ன செய்ய வேண்டும் என்று ஊரே சொல்லித்தரும். மூன்றாம் நாள், முப்பதாம் நாள், வருடப் பூசை, எல்லாவற்றுக்கும் முறைக்காரர்கள் உண்டு. நண்பர் இறந்தால் நமக்கு எந்த முறையும் கிடையாது. குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில், இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் நெருங்கினால் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: நான் சொந்தக்காரன் இல்லையே, அவருக்குப் பூசை கேட்கலாமா? நான் இந்து, கல்லறைகளைக் குரு ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்கு வரலாமா? இறந்தவர் கிறிஸ்தவரே இல்லை, அவருக்காக வேண்டலாமா?

மூன்றுக்கும் பதில், தாராளமாக. உயிரோடு இருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு திருப்பலி, அதாவது பூசை, ஒப்புக்கொடுக்கலாம் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் எண். கேட்பவர் உறவாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. இறந்தவர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றும் இல்லை. கிறிஸ்தவர் அல்லாத நண்பர் என்றால் பீடத்தில் பெயரை வாசிப்பது பற்றி மட்டும் பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்; அவருடைய வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். தரங்கம்பாடிப் பக்கம் கத்தோலிக்கர் அல்லாத லுத்தரன் சபைக் குடும்பம் என்றால் வேறு. இறந்தவருக்காகப் பலி ஒப்புக்கொடுப்பது அவர்கள் வழக்கமில்லை. இறந்தவரின் வாழ்வுக்காக நன்றி சொல்லி ஜெபிப்பார்கள். அங்கே போய் அவர்களோடு உட்காருங்கள், பூசைப் பேச்சை எடுக்க வேண்டாம்.

பூசைக் கருத்து கொடுப்பதில், அதாவது இன்னாருக்காக என்று பூசை கேட்பதில், மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று ஒரு குரு மூன்று திருப்பலி நிறைவேற்றலாம். 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை (போப்பாண்டவர்) பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் கொடுத்த சலுகை அது. ஆனால் அந்த மூன்றில் ஒன்று இறந்த எல்லா விசுவாசிகளுக்காக, இன்னொன்று திருத்தந்தையின் கருத்துக்காக. தனிக் கருத்துக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. உங்கள் நண்பரின் பெயர் நீண்ட பட்டியலில் ஒன்றாக ஓடிப்போனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தனியாக வேண்டும் என்றால் அவர் இறந்த தேதியைக் கேளுங்கள். அது ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் முந்தைய நாளையோ அடுத்த நாளையோ கேளுங்கள். ஞாயிறன்று ஒரு திருப்பலியைப் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கப் பங்குத்தந்தை கடமைப்பட்டவர், ஒரே பூசை உள்ள ஊரில் வேறு கருத்துக்கு இடமில்லை. புனித வெள்ளியில் திருப்பலியே கிடையாது. காணிக்கைத் தொகையை அந்தந்தப் பகுதி ஆயர்கள் (பிஷப்புகள்) முடிவு செய்கிறார்கள். கையில் பணம் இல்லையென்றால் அதைச் சொல்லியே கேட்கலாம். ஏழைகளுக்குக் காணிக்கை இல்லாமலும் ஒப்புக்கொடுக்கும்படி சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு எல்லாம் முடிந்த பிறகு பூசைக்கு நீங்கள் போக வேண்டும். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. சீட்டு வாங்கிவிட்டோம், பெயர் வாசித்துவிட்டார்கள், கடமை முடிந்தது என்று வராமல் இருப்பவர்கள் அதிகம்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவருக்காக வேண்டினால் நாளுக்கு ஒரு பரிபூரண பலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சிய தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை, உண்டு. அதை உத்தரிக்கிற (இறந்தபின் தூய்மை பெற்றுக்கொண்டிருக்கிற) ஆத்துமாக்களுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்க முடியும். வாய்விட்டுச் செபிக்க வேண்டியதுகூட இல்லை, மனதுக்குள் வேண்டினாலே போதும். நிபந்தனைகளை நம்மவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள்: ஒப்புரவு (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுதல்), நன்மை (நற்கருணை) வாங்குதல், திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம். ஒரு ஒப்புரவு பல நாள்களுக்குப் போதும். நன்மையும் செபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக வேண்டும். நான்காவது நிபந்தனையைத்தான் யாரும் எண்ணுவதில்லை: எந்தப் பாவத்தின் மேலும், அற்பப் பாவத்தின் மேலும்கூட, பற்று இல்லாத மனம். அது இல்லையென்றால் பலன் பரிபூரணமாகாது, பகுதிப் பலன்தான். முதல் மூன்றையும் கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளைகூடச் சரிபார்த்துவிடலாம். நான்காவதை உங்களைத் தவிர ஆண்டவர் மட்டுமே அறிவார். மனதை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாதபடி அந்த விதியே எழுதப்பட்டிருக்கிறது. நண்பரின் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் அந்த நண்பரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கல்லறை வேலைக்கு வருவோம். டெல்டாவில் கல்லறைத் திருநாள் அடைமழைக் காலத்தில் வருகிறது. நம் களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் வெடிக்கும். பெட்டி உளுத்து மூடி இறங்கும்போது மேலே மண்ணும் இறங்கும். அதனால் அடக்கம் ஆன சூட்டோடு சிமெண்டு மேடை கட்டினால் நடுவில் விரிசல் விடும், ஒரு பக்கம் சாயும். ஒரு மழைக்காலமாவது போகட்டும். பள்ளம் விழ விழ மண் கொட்டி மேடாக்குங்கள், பிறகு கட்டலாம். பழைய கல்லறைக்கு வெள்ளையடிப்பதாக இருந்தால் அக்டோபர் நடுவில் வெயில் காய்கிற நாளாகப் பார்த்து முடித்துவிடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் 5 லிட்டர். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை சேர்க்க வேண்டும். பாசியைத் தேய்த்துக் கழுவி, சுவர் ஈரமாக இருக்கும்போதே மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. தடிமனாக ஒரே பூச்சு அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாக உரியும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மழைக்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் மாலைப் பக்கத்தில் மட்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள். அப்படியே பக்கத்தில் யாரும் கவனிக்காத கல்லறை ஒன்று இருந்தால் அதன் புல்லையும் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்தது நேர்ச்சை. வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு, நிறைவேற்றாமலே நண்பர் இறந்திருப்பார். அந்தக் குறைதான் குடும்பத்தைப் பிடித்து ஆட்டுகிறது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று அதே திருச்சபைச் சட்டத்தின் 1193ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. அவர் பிள்ளையையும் கட்டாது, உங்களையும் கட்டாது. பயத்துக்காக ஒரு அடிகூட நடக்க வேண்டாம். அவர் மேல் உள்ள அன்புக்காக நடக்கத் தோன்றினால், ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 பெருவிழாவுக்கோ போய்ச் சேரும்படி கிளம்புங்கள். தஞ்சாவூரிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல். எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக நடங்கள், இரவில் ஒளிரும் பட்டை கட்டிக்கொள்ளுங்கள், புதுச் செருப்பு போடாதீர்கள். முடியாவிட்டால் பூண்டி மாதா கோவிலுக்குப் பேருந்தில் போய் ஒரு செபமாலை சொன்னாலும் நண்பருக்கு அது குறைவானதல்ல.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட நண்பரைப் பற்றியும் எழுத வேண்டும். கடன், பயிர் கருகியது, குடி என்று நம் பக்கத்தில் இப்படி இழந்தவர்கள் குறைவில்லை. அவர்களுக்குக் கோவிலில் பூசை இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று இன்னமும் பேசுகிறார்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. ஆண்டவர் மட்டுமே அறிந்த வழியில் அவர்களுக்கும் மனந்திரும்ப வாய்ப்புத் தர முடியும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது, திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. யாராவது மறுத்துப் பேசினால் சண்டை போடாமல் பங்குத்தந்தையிடம் போங்கள்; அவருக்கும் சந்தேகம் என்றால் ஆயரிடம் கேட்டு முடிவு செய்வார். அப்படி இறந்தவரின் தாய் கோவிலுக்குள் தனியாக உட்காராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

நண்பரின் சாவுக்கு இயேசுவே அழுதிருக்கிறார். பெத்தானியாவில் இலாசர் இறந்தபோது, எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். ஆகவே விசுவாசி அழக்கூடாது என்று சொல்கிறவர்களை விட்டுத் தள்ளுங்கள். விவிலியத்தில் தாவீதும் தன் நண்பர் யோனத்தானுக்காகப் புலம்பினார், ஆனால் புலம்பலோடு விடவில்லை. அரசரான பிறகு, யோனத்தான் வீட்டில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று விசாரித்தார். இரண்டு காலும் ஊனமான மகன் மெபிபொசேத்தைக் கூட்டிவந்து, பாட்டன் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தன் பந்தியிலேயே சாப்பிட வைத்தார். எந்தச் சட்டமும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

நேர்ச்சை வாரிசுக்கு இறங்காது என்றேன், கடன் அப்படியல்ல. நண்பரிடம் நீங்கள் வாங்கியது ஆயிரமோ பத்தாயிரமோ, எழுத்து இல்லாவிட்டாலும், அவர் மனைவியிடம் போய்ச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அவர் உங்களுக்குத் தர வேண்டியது இருந்தால், முடிந்த மட்டும் விட்டுவிடுங்கள். கூட்டுறவு வங்கி நகைக்கடனுக்குத் தவணை எப்போது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அட்டையை வாங்கிப் பாருங்கள். இப்போது சம்பா நிற்கிறது. தை மாதம் அறுவடை மிஷினுக்கு ஊரே அலையும். உங்கள் வயலுக்குச் சொல்லும்போதே அவர் வயலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.